எது எண், எது வகை? ஆர் மொழியில் கண்டுபிடிக்கப் பயனுள்ள குறிப்புகள்

கருத்துக்கணிப்புப் படிவம், ஆஸ்பத்திரிப் பதிவேடு, கல்லூரி புராஜெக்ட் என்று எந்தத் தரவை ஆர் மொழிக்குள் ஏற்றினாலும், கணக்கில் இறங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: எது எண், எது வகை? வயது, எடை, வருமானம் எல்லாம் எண்கள். பாலினம், ரத்தப் பிரிவு, மாவட்டம் எல்லாம் வகைகள். இரண்டையும் பிரிக்காமல் கணக்குப் போட்டாலும் ஆர் முகம் சுளிக்காது, ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிடும். தப்பான அந்த விடை சரியான விடையைப் போலவே நேர்த்தியாக அச்சாகும் என்பதுதான் தொல்லை.

கீழே வரும் கட்டளைகளை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், புள்ளி இருக்கும் இடத்தில் புள்ளியும் வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. உதாரணத் தரவுகளில் பெரும்பாலானவை ஆரோடு சேர்ந்தே வருபவை. அவற்றுக்காக எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம், படித்துக்கொண்டே போட்டுப் பார்க்கலாம்.

1. முதலில் போட வேண்டிய கட்டளை இஸ்.ஃபேக்டர். ஆர் மொழி வகை மாறியை ‘ஃபேக்டர்’ என்ற பெயரில் வைத்துக்கொள்கிறது. ஐரிஸ் என்ற தரவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் ஆண்டர்சன் சேகரித்த அளவுகள் இவை. ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தன் கட்டுரையில் பயன்படுத்தியதால் உலகப் புகழ் பெற்றவை. மூன்று இனம், இனத்துக்கு 50 பூ, ஆக 150 வரிசை. ஐரிஸ், டாலர் குறி, ஸ்பீஷீஸ் என்று சேர்த்து எழுதி (ஸ்பீஷீஸுக்கு முதல் எழுத்து பெரியது) இஸ்.ஃபேக்டரின் அடைப்புக்குள் போட்டால் ‘ட்ரூ’ என்று வரும். புல்லி இதழ் நீளத்தைப் போட்டால் ‘ஃபால்ஸ்’ வரும்.

2. ஃபால்ஸ் வந்துவிட்டால் அது எண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆண், பெண் என்று எழுத்தாகவே பதிவான நெடுவரிசைக்கும் இஸ்.ஃபேக்டர் ஃபால்ஸ் என்றுதான் சொல்லும், ஏனென்றால் ஆர் அதை வெறும் எழுத்துச் சரமாக வைத்திருக்கிறது. ஆகவே இஸ்.கேரக்டர், இஸ்.லாஜிக்கல் இரண்டையும் கூடவே கேளுங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று ட்ரூ என்றால் அந்த மாறி வகையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று கேள்விகளையும் செங்குத்துக் கோடு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இணைத்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் பெயர், முகவரி, ‘வேறு கருத்து’ போன்றவையும் எழுத்துச் சரங்கள்தான். அவற்றை யாரும் வகை என்று சொல்ல மாட்டார்கள்.

3. பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்பு, ரீட்.சிஎஸ்வி கட்டளை எழுத்து நெடுவரிசைகளையெல்லாம் கேட்காமலேயே ஃபேக்டராக்கிவிடும். 4.0.0 முதல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். எழுத்து எழுத்தாகவே வரும். புத்தகத்தில் ட்ரூ என்று அச்சாகியிருக்கும், உங்கள் திரையில் ஃபால்ஸ் என்று வரும். புத்தகமும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. பழைய நடத்தை வேண்டுமென்றால் ஸ்ட்ரிங்ஸ்ஆஸ்ஃபேக்டர்ஸ் என்ற வாய்ப்பை ட்ரூ என்று கொடுக்கலாம். இந்தப் பெயரில் ‘ஆஸ்’, ‘ஃபேக்டர்ஸ்’ இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும், ட்ரூவை முழுவதும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். என்னைக் கேட்டால் அது வேண்டாம். எது வகை என்பதை நாமே பார்த்து, வேண்டியதை மட்டும் மாற்றுவதுதான் பாதுகாப்பு.

4. ஒவ்வொரு மாறியாகக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லையா? எஸ்டிஆர் என்ற மூன்றெழுத்துக் கட்டளை முழு அட்டவணையையும் ஒரே பார்வையில் விரித்துக் காட்டும். ஐரிஸுக்குப் போட்டால், ஸ்பீஷீஸுக்கு எதிரே ஃபேக்டர் என்றும் மூன்று லெவல்கள் (அதாவது வகைகள்) என்றும் எழுதி, இனப் பெயர்களையும் தொடர்ந்து 1 1 1 என்ற எண்களையும் காட்டும். அந்த எண்கள் என்ன என்பதற்கு எட்டாம் குறிப்பைப் பாருங்கள். புதுத் தரவு கைக்கு வந்ததும் ஒரே ஒரு கட்டளைதான் போட முடியும் என்றால் இதைப் போடுங்கள்.

5. எண் வேடம் போட்ட வகைகள்தான் பெரிய தலைவலி. எம்டிகார்ஸ் தரவைப் பாருங்கள். மோட்டார் டிரெண்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் 1974ஆம் ஆண்டு இதழிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரம் அது. 11 நெடுவரிசைகள். இஸ்.ஃபேக்டரால் கேட்டால் பதினொன்றுக்கும் ஃபால்ஸ். ஆனால் ‘ஏஎம்’ என்ற நெடுவரிசையில் 0 என்றால் தானியங்கி கியர், 1 என்றால் கையால் போடும் கியர். ‘விஎஸ்’ நெடுவரிசையில் எஞ்சினின் வடிவம், அதுவும் 0, 1 தான். ‘சிஒய்எல்’ என்பது சிலிண்டர் எண்ணிக்கை. 4, 6, 8 என்ற மூன்றே மதிப்புகள்.

இந்த சிலிண்டரை அப்படியே எண்ணாக விட்டு, ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் ஓடும் என்று எல்எம் கட்டளையால் கணித்துப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டர் கூடும்போதும் மைலேஜ் 2.88 குறையும் என்று ஒரு நேர்கோட்டைப் போட்டுத் தரும். அப்படியானால் 4இலிருந்து 6க்குப் போனாலும் 6இலிருந்து 8க்குப் போனாலும் ஒரே அளவு, அதாவது ஏறத்தாழ 5.75 மைல் குறைய வேண்டும். உண்மையான சராசரிகளோ 26.66, 19.74, 15.10. முதல் படியில் 6.92 மைல் இறங்குகிறது, அடுத்த படியில் 4.64 தான். சிஒய்எல்லை ஃபேக்டர் கட்டளைக்குள் வைத்து மறுபடி ஓட்டினால் இந்த மூன்று சராசரிகளையும் உள்ளபடியே எடுத்துக்கொள்ளும். விடையில் 26.664 என்ற அடிப்படையும், அதிலிருந்து 6.921, 11.564 என்ற இரண்டு இறக்கங்களும் தனித்தனியாக வரும். கார்களும் அவையே, கட்டளையும் அதுவே. ஃபேக்டர் என்ற ஒரு சொல் சேர்ந்ததும் விடை மாறிவிட்டது.

6. ஆகவே, எண்ணாகத் தெரியும் எந்த மாறியையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் சராசரிக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? மயிலாப்பூரின் பின்கோடு 600004. அதையும் இன்னொரு ஊரின் பின்கோடையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது எந்த ஊர்? ஜிஎஸ்டி எண்ணில் தமிழ்நாட்டுக்கு 33 என்ற குறியீடு இருப்பதால் அது 32ஐவிடப் பெரிய மாநிலம் ஆகிவிடாது. இஸ்.நியூமெரிக் என்ற கட்டளை இரண்டுக்கும் ட்ரூ என்றே சொல்லும். எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதுதான் ஆருக்குத் தெரியும். என்ன அர்த்தத்தில் பதிந்தார்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

இந்தச் சோதனைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 0, 1 என்று மட்டுமே பதிவான மாறியின் சராசரி, 1 என்ற வகை எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லும். எம்டிகார்ஸில் ஏஎம்மின் சராசரி 0.406. அதாவது 32 கார்களில் 13 கையால் கியர் போடுபவை. இது உபயோகமான எண்தான். அதற்காக 1, 2 என்று பாலினத்தைப் பதிந்துவிட்டு 1.4 என்ற சராசரியை அட்டவணையில் அச்சடிக்காதீர்கள். அப்படி அச்சான ஆய்வேடுகள் நூலகங்களில் இருக்கத்தான் செய்கின்றன.

7. நெடுவரிசைகள் ஐம்பது, அறுபது என்று இருந்தால் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து யோசிக்க முடியாது. எத்தனை வெவ்வேறு மதிப்புகள் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். யூனிக் கட்டளை வெவ்வேறு மதிப்புகளைப் பொறுக்கும், லெங்த் அதை எண்ணும், எஸ்அப்ளை அந்த வேலையை எல்லா நெடுவரிசைக்கும் செய்யும். எம்டிகார்ஸில் எடைக்கு 29 மதிப்புகள், குதிரைத் திறனுக்கு 22, சிலிண்டருக்கு 3, கியருக்கு 3, ஏஎம், விஎஸ் இரண்டுக்கும் 2 வீதம். பட்டியலைப் பார்த்ததுமே சந்தேகத்துக்குரியவை தனியாகத் தெரியும்.

‘பத்துக்குக் கீழே இருந்தால் வகை’ என்று சிலர் விதி வைத்திருப்பார்கள். முதல் சல்லடையாக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அதே எம்டிகார்ஸில் கார்புரேட்டர் எண்ணிக்கைக்கு ஆறே மதிப்புகள்தான், ஆனால் அது எண்ணிச் சொல்லும் எண். ஏர்குவாலிட்டி என்ற தரவில், 1973இல் நியூயார்க்கில் 153 நாள் எடுத்த அளவுகளில், மாதம் 5 முதல் 9 வரை எண்ணாகவே இருக்கிறது. அதை வகையாகக் கொள்வதே பெரும்பாலும் சரி. டூத்குரோத் (டி, ஜி இரண்டும் பெரிய எழுத்து) தரவில் 60 சீமைப் பெருச்சாளிகளுக்குக் கொடுத்த வைட்டமின் சி அளவு 0.5, 1, 2 என்று மூன்றே மதிப்பு. இது எண்ணா, வகையா? இரண்டாகவும் கொள்ளலாம். அளவு கூடக் கூடப் பல் வளர்ச்சி எப்படி ஏறுகிறது என்று பார்க்க எண்ணாக விடுங்கள். மூன்று குழுக்களை ஒப்பிட வேண்டுமானால் ஃபேக்டராக்குங்கள்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. பதிவு எண், ஆதார் எண் போன்றவற்றில் எத்தனை வரிசையோ அத்தனை மதிப்பு இருக்கும். அவை எண்ணும் இல்லை, வகையும் இல்லை. வெறும் அடையாளம். கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள்.

8. டைப்ஆஃப் கட்டளையை நம்பி வகை மாறியைத் தேடாதீர்கள். ஐரிஸின் ஸ்பீஷீஸுக்கு அதைப் போட்டால் ‘இன்டிஜர்’, அதாவது முழு எண் என்று சொல்லும். பொய்யில்லை. ஃபேக்டர் உள்ளுக்குள் 1, 2, 3 என்றுதான் சேமிக்கப்படுகிறது. எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல் லெவல்ஸ் என்ற பகுதியில் தனியாக இருக்கிறது. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரிதான், எண்ணைக் கொண்டு செருப்பை எடுக்கலாம், எண்ணைக் கூட்டிப் பயனில்லை. இஸ்.நியூமெரிக், இஸ்.இன்டிஜர் இரண்டும் இது தெரிந்தே ஃபேக்டருக்கு ஃபால்ஸ் சொல்லும்படி எழுதப்பட்டிருக்கின்றன. டைப்ஆஃபுக்கு அந்த விவரம் போதாது.

9. கிளாஸ் கட்டளையின் விடையை ‘ஃபேக்டர்’ என்ற சொல்லோடு இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுவதும் பலருக்கு வழக்கம். சாதாரண ஃபேக்டருக்கு அது வேலை செய்யும். வரிசை உள்ள ஃபேக்டருக்கு கிளாஸ் இரண்டு சொற்களைத் தரும்: ஆர்டர்டு, ஃபேக்டர். ஒப்பிட்டால் ஃபால்ஸ், ட்ரூ என்று இரண்டு விடைகள் வந்து நிற்கும். அதை இஃப் கட்டளைக்குள் வைத்தால், 2022இல் வந்த 4.2.0 பதிப்பு முதல் பிழை என்று நின்றுவிடும். அதற்கு முன்பு எச்சரிக்கையோடு முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு ‘ஃபேக்டர் இல்லை’ என்று போய்விடும். நின்றுவிடுவதே மேல். ஜிஜிபிளாட்2 தொகுப்போடு வரும் டைமண்ட்ஸ் தரவில் இதைச் சோதிக்கலாம். 53,940 வைரங்கள், வெட்டு, நிறம், தெளிவு மூன்றும் வரிசை உள்ள ஃபேக்டர்கள். கிளாஸை ஒப்பிடுவதற்குப் பதில் இஸ்.ஃபேக்டர் போடுங்கள், அல்லது இன்ஹெரிட்ஸ் போடுங்கள்.

10. ஃபேக்டர்களை மட்டும் பிரித்தெடுக்க: பெரிய எழுத்தில் தொடங்கும் ஃபில்டர் கட்டளைக்குள் முதலில் இஸ்.ஃபேக்டர், அடுத்து அட்டவணையின் பெயர். அவ்வளவுதான். எத்தனை இருக்கின்றன என்று எண்ண, எஸ்அப்ளையால் இஸ்.ஃபேக்டரைப் போட்டு வரும் விடையை சம் கட்டளைக்குள் வைத்தால் போதும். ட்ரூவை ஒன்றாக எண்ணிக் கூட்டித் தரும்.

11. அந்த இடத்தில் எஸ் இல்லாத வெறும் அப்ளையைப் போட்டுவிடாதீர்கள். அப்ளை முதலில் முழு அட்டவணையையும் ஒரே மாதிரி மதிப்புகள் கொண்ட அணியாக மாற்றிவிடும். அந்த மாற்றத்தில் ஃபேக்டர்கள் எல்லாம் எழுத்தாகக் கரைந்துவிடும். பிறகு இஸ்.ஃபேக்டர் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஃபால்ஸ். பிழைச் செய்தியும் வராது என்பதால் ‘இதில் வகை மாறியே இல்லை போலிருக்கிறது’ என்று எழுந்து போய்விடுவோம்.

12. டைடிவெர்ஸ் தொகுப்புகளில் பழகியவர்களுக்கு கிளிம்ப்ஸ் கட்டளை எஸ்டிஆரைவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஒவ்வொரு மாறியின் பெயருக்கும் பக்கத்தில் எஃப்சிடி என்றால் ஃபேக்டர், ஓஆர்டி என்றால் வரிசை உள்ளது, சிஎச்ஆர் என்றால் எழுத்து, டிபிஎல் என்றால் தசம எண். செலக்ட் கட்டளைக்குள் வேர் என்று எழுதி, அதற்குள் இஸ்.ஃபேக்டர் கொடுத்தால் வகை மாறிகள் மட்டும் தனி அட்டவணையாக வரும்.

13. வகை என்று உறுதியானதும், அதற்குள் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் சயன்ஸ் இதழில் அளவைகளை நான்காகப் பிரித்தார். அதில் முதல் இரண்டும் நம் விஷயம்: வெறும் பெயர் வகை, வரிசை உள்ள வகை. ரத்தப் பிரிவில் வரிசை கிடையாது. ‘குறைவு, நடுத்தரம், அதிகம்’ என்பதில் உண்டு. கேட்க வேண்டிய கட்டளை இஸ்.ஆர்டர்டு.

ஃபேக்டர் கட்டளைக்கு நீங்கள் வரிசை சொல்லாவிட்டால் அது அகர வரிசையில் அடுக்கிவிடும். மேலே சொன்ன மூன்றும் அதிகம், குறைவு, நடுத்தரம் என்று ஆகிவிடும். வரைபடத்தில் முதல் பட்டை ‘அதிகம்’ என்று நிற்கும். கணிப்பு மாதிரியில் ‘அதிக’த்தை அடிப்படையாக வைத்து மற்றவற்றை ஒப்பிடும். லெவல்ஸ் என்ற வாய்ப்பில் நீங்கள் விரும்பும் வரிசையைக் கையால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கல்வித் தகுதி, திருப்தி அளவு, வருமானப் பிரிவு ஆகியவற்றுக்கு இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

14. சம்மரி கட்டளையும் நல்ல துப்பறிவாளர். ஃபேக்டராக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எண்ணிச் சொல்லும். எண்ணாக இருந்தால் குறைந்தபட்சம், இடைநிலை, சராசரி என்று அடுக்கும். மாவட்டக் குறியீட்டுக்கு எதிரே சராசரி வந்து உட்கார்ந்திருந்தால் அது இன்னும் ஃபேக்டராகவில்லை என்று பொருள்.

15. வகை மாறி என்று தெரிந்த பிறகு டேபிள் கட்டளை போட்டு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். யூஸ்என்ஏ என்ற வாய்ப்பையும் சேர்த்தால் (கடைசி இரண்டு எழுத்து பெரியவை, மதிப்பாக ‘இஃப்எனி’ கொடுங்கள்) விடுபட்டவையும் எத்தனை என்று தெரியும். அது இல்லாமல் போட்டால் விடுபட்டவற்றை டேபிள் சொல்லாமலே மறைத்துவிடும்.

பாலினத்தில் இரண்டு வகை இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஐந்து வரும். ‘பெண்’ ஒன்று, கடைசியில் இடைவெளி விட்ட ‘பெண்’ இன்னொன்று. இதற்கு டிரிம்டபிள்யூஎஸ் கட்டளை மருந்து. எதுவும் எழுதாமல் விட்ட கட்டம், எழுத்து நெடுவரிசையாக இருந்தால், விடுபட்டதாகக் கணக்கில் வராமல் ‘வெற்று’ என்ற தனி வகையாகவே நின்றுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

16. தமிழில் பதிந்த தரவில் வரும் ஒரு சங்கடம் இருக்கிறது. டேபிள் போட்டால் ‘கோயம்புத்தூர்’ இரண்டு வரியாக வருகிறது. எழுத்துப் பிழை இல்லை, இடைவெளியும் இல்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான். காரணம் யூனிகோடில் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தில் க போக மிச்சமுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் பதியலாம். விசைப்பலகைக்கு விசைப்பலகை, எழுத்துரு மாற்றிக்கு மாற்றி இது வேறுபடும். திரையில் ஒன்றாகத் தெரியும், ஆருக்கு இரண்டும் வேறு சொற்கள். என்சார் கட்டளையால் எண்ணிப் பார்த்தால் ஒரு ‘கோ’வுக்கு 2 என்றும் இன்னொரு ‘கோ’வுக்கு 3 என்றும் வரும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒகரத்துக்கும் இதே கதைதான். கொடைக்கானல், பொள்ளாச்சி, போடி என்று ஊர்ப் பட்டியல் முழுக்க இந்த எழுத்துகள் இருக்கின்றன.

ஸ்ட்ரிங்ஐ தொகுப்பில் எஸ்டிஆர்ஐ_டிரான்ஸ்_என்எஃப்சி என்று ஒரு கட்டளை உண்டு. அதை அந்த நெடுவரிசைக்குப் போட்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஃபேக்டராக்குங்கள். கோவை என்றும் கோயம்புத்தூர் என்றும் ஆள்மாற்றி ஆள் எழுதியிருந்தால் அதை எந்தக் கட்டளையும் தானாகச் சேர்க்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

17. எண்ணாக வர வேண்டிய நெடுவரிசை எழுத்தாக வந்து நின்றால், அதை வகை என்று ஏற்றுக்கொள்ளாமல் சந்தேகப்படுங்கள். ஆயிரம் வயதுகளுக்கு நடுவில் யாரோ ஒருவர் ‘தெரியாது’ என்றோ ஒரு சிறு கோடோ போட்டிருந்தால் போதும், முழு நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். படிக்கும்போதே என்ஏ.ஸ்ட்ரிங்ஸ் வாய்ப்பில் அந்தச் சொல்லையும் கோட்டையும் சொல்லிவிட்டால் அவற்றை விடுபட்டவையாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை எண்ணாகப் படிக்கும்.

இதற்கு மறுபுறம்: சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044. ரீட்.சிஎஸ்வி அதை எண் என்று நினைத்து 44 ஆக்கிவிடும். தொலைந்த சுழியத்தைப் பின்னால் ஒட்டவைப்பதைவிடக் கோப்பை மறுபடி படிப்பதே நல்லது. கால்கிளாசஸ் என்ற வாய்ப்பில் (நடுவில் வரும் சி பெரிய எழுத்து) அந்த நெடுவரிசையைக் கேரக்டர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

18. ஃபேக்டரை எண்ணாக மாற்ற நேரடியாக ஆஸ்.நியூமெரிக் போடவே கூடாது. 2015, 2019, 2021 என்ற ஆண்டுகள் ஃபேக்டராக இருந்து, அதற்கு ஆஸ்.நியூமெரிக் போட்டால் 1, 2, 3 என்று வரும். ஆண்டு போய் டோக்கன் எண் வந்துவிட்டது. முதலில் ஆஸ்.கேரக்டர், அதன் மேல் ஆஸ்.நியூமெரிக். இந்த வரிசை மாறக் கூடாது. இஃப்எல்ஸ் கட்டளைக்குள் ஃபேக்டரைக் கொடுத்தாலும் இதே விபத்து நடக்கும்.

19. தேதி நெடுவரிசைக்கு இஸ்.நியூமெரிக் ஃபால்ஸ் என்று வரும். ‘எண் இல்லாததெல்லாம் வகை’ என்று கட்டளை எழுதி வைத்திருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். தேதி தனி ரகம், அதைத் தேதியாகவே விடுங்கள்.

20. வடிகட்டிய பிறகும் ஒருமுறை பாருங்கள். ஐரிஸிலிருந்து செட்டோசா இனத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு என்லெவல்ஸ் கேட்டால் இன்னும் 3 என்றே சொல்லும். ஆளில்லாத இரண்டு வகைகளும் பெயரளவில் உட்கார்ந்திருக்கும், டேபிளில் சுழியமாகத் தலைகாட்டும். டிராப்லெவல்ஸ் போட்டால் கிளம்பிவிடும்.

21. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் கோப்பை ஹேவன் தொகுப்பால் திறந்தால், 1 ஆண், 2 பெண் என்று பெயர் ஒட்டிய நெடுவரிசைகள் ‘லேபிள்டு’ என்ற தனி வடிவில் வரும். இஸ்.ஃபேக்டர் அவற்றுக்கு ஃபால்ஸ் சொல்லும். ஆனால் பெயர்கள் எங்கும் போய்விடவில்லை. அதே தொகுப்பின் ஆஸ்_ஃபேக்டர் கட்டளை (நடுவில் புள்ளி இல்லை, அடிக்கோடு) அந்தப் பெயர்களையே லெவல்களாக வைத்து மாற்றித் தரும். பழக்க தோஷத்தில் புள்ளி வைத்த ஆஸ்.ஃபேக்டரைப் போட்டால் பெயரை விட்டுவிட்டு 1, 2 மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடும். போட்டதும் லெவல்ஸைப் பார்த்துவிடுங்கள்.

22. ஏற்கெனவே இருக்கும் ஃபேக்டருக்குள் புது வகையை எழுத முயன்றால் ஆர் எச்சரித்துவிட்டு அந்த இடத்தை விடுபட்டதாக்கிவிடும். முதலில் லெவல்ஸ் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்த்துவிட்டு, பிறகு மதிப்பை எழுதுங்கள்.

23. இரண்டு ஃபேக்டர்களை சி கட்டளையால் ஒட்டினால், 4.1.0 பதிப்பு முதல் ஒழுங்காக ஒரே ஃபேக்டராகிறது. அதற்கு முந்தைய பதிப்பில் வெறும் எண்களாகிவிடும். கல்லூரிக் கணினிக் கூடங்களில் பழைய பதிப்பு இருக்க வாய்ப்புண்டு. ஆர்.வெர்ஷன்.ஸ்ட்ரிங் என்று (முதல் எழுத்து பெரியது) தட்டினால் எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடும்.

24. வேறொருவர் சேகரித்த தரவை வாங்கும்போது கோப்போடு குறியீட்டு விளக்கத் தாளையும் கேட்டு வாங்குங்கள். 9 என்பது ஒன்பதா, ‘பதில் சொல்லவில்லை’ என்பதா என்று எந்தக் கட்டளையாலும் சொல்ல முடியாது, பதிந்தவருக்குத்தான் தெரியும். தாள் இல்லை என்று சொன்னால், அவர் வேலை மாறிப் போவதற்கு முன் ஒரு போன் போட்டு ஒவ்வொரு நெடுவரிசையாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.